மூன்று துண்டில் மூன்று பெயர்

(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



பிள்ளை பிறந்தா ஆஸ்பத்திரியில ஒரு துண்டு தருவாங்க. அதைப் பெட்டிக்குள்ள வச்சு மறந்திடாதீங்க. மூன்று மாதத்துக்குள் பதியவேண்டும். பிந்தினால் காலங்கடந்த பதிவுக்குப் பிரதேச செயலகத்துக்கு அலையணும்; அலையிற நாளுக்குப் பேரும் விழாது.

பதியும்போது பெயரைக் கவனியுங்கள். செக்ரோலில் லெட்சுமி, அடையாள அட்டையில் ராமலெட்சுமி, பிறப்புப் பத்திரத்தில் ராமாயி. முப்பது வருசம் கொழுந்து பறித்தவர் 50 வயதில் சேமலாப நிதிக்குப் போனால், மூன்றும் ஒரே ஆள்தானா என்று கேட்கிறார்கள். சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி, திரும்பவும் பஸ் காசு. உழைத்த காசு அங்கேயே கிடக்கும். ஆம்பிளைகளுக்கு 55 வயதில் இதே கதைதான்.

சிங்களப் படிவத்தில் விளங்காமல் கையெழுத்து வைக்காதீங்க. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. தமிழ்ப் படிவம் கேளுங்கள். சில இடத்தில் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

வருகிற சம்பள நாள் பின்னேரம் பிள்ளைக் காம்பராவில் இருப்பேன். வீட்டில் உள்ள துண்டு எல்லாத்தையும் கொண்டு வாங்க, கிழிஞ்சதையும் சேர்த்து.