இரட்டைக் கன்று ஈன்ற பசு: மூன்று உயிரையும் காப்பது எப்படி?

(கால்நடை வளர்ப்பு குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இரட்டைக் கன்று ஈன்ற பசுவைப் பராமரிப்பது பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். இதில் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். பீடோங், குரூண், மெர்போக் வட்டாரத்தில் ஐந்து மாடு, பத்து மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அப்படித் தோன்றாது. அவர்களுக்கு ஒரு பசு என்பது சேமிப்புப் பணம். பிள்ளையின் படிப்புச் செலவும் மகளின் கல்யாணச் செலவும் அந்தக் கொட்டகையில்தான் நிற்கின்றன.

ஹார்வர்ட், சுங்கை தோ பாவாங் போன்ற தோட்டங்களில் பால்மரம் வெட்டிய காலத்தில், லயத்துக்குப் பக்கத்தில் மாடு கட்டுவது வழக்கமாக இருந்தது. பின்னர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. மேய்ச்சல் நிலமும் குறைந்தது. பால் கறந்து விற்பதை விட்டுவிட்டு, பாலைக் கன்றுக்கே விட்டு, கன்றை வளர்த்து விற்பவர்கள் இன்று இருக்கிறார்கள். அதாவது இறைச்சி மாடு. அதில் நம் மாநிலத்தின் பெயரையே தாங்கி நிற்கும் இனம் கெடா-கிளந்தான் மாடு. சிறிய உடம்பு, வெயிலையும் உண்ணியையும் தாங்கும், கிடைத்ததைத் தின்று பிழைக்கும்.

இறைச்சி மாடுகளில் நூறு ஈற்றுக்கு ஒன்றுதான் இரட்டையாக இருக்கும். அதற்கும் குறைவாகவே இருக்கலாம். அதனால் பலருக்கு இதில் பழக்கமில்லை. இரட்டை பிறந்தால் லாபமும் இரட்டை என்று மகிழ்ந்து, இரண்டு கன்றையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். தாயைப் பார்க்க மறந்துவிடுவார்கள். காப்பாற்ற வேண்டியது இரண்டு உயிர் அல்ல, மூன்று. இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் அதன் பின்னால் தானாக வரும்.

முதல் ஆறு மணி நேரம்

இரட்டைக் கன்றுகள் சில நாள்கள் முன்னதாகவே பிறந்துவிடுவது உண்டு. முதல் கன்று வழக்கத்தைவிடச் சிறியதாக இருந்தால், உள்ளே இன்னொன்று இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வழியை அடைத்துக்கொள்ளலாம். ஒன்றின் காலும் மற்றொன்றின் காலும் சேர்ந்து வெளியே தெரியலாம். எது யாருடைய கால் என்று தெரியாமல் கயிறு கட்டி இழுத்தால் மூன்று உயிருக்கும் ஆபத்து. பசு முக்கி முக்கி ஒரு மணி நேரமாகியும் முன்னேற்றம் இல்லையென்றால் கால்நடை மருத்துவரை அழைத்துவிடுங்கள்.

கன்றுகள் வந்தவுடன் மூக்கையும் வாயையும் துடைத்துவிட்டு, தொப்புளில் அயோடின் தடவுங்கள். நம் நாட்டு ஈ, ஈரமான தொப்புளில் முட்டையிட்டுவிட்டால் புழு வைத்துச் சதையைத் தின்னும்.

அடுத்தது சீம்பால். மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி தாயின் வயிற்றிலேயே ஓரளவு கிடைத்துவிடுகிறது. கன்றுக்கு அப்படி இல்லை. அது சீம்பாலில்தான் வருகிறது. அதையும் கன்றின் குடல் முதல் ஆறு மணி நேரத்தில்தான் நன்றாக ஏற்கும். ஒரு நாள் கழிந்தால் அந்தக் கதவு மூடிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு கொடுத்தாலும் வயிறு நிறையும், பாதுகாப்பு வராது.

உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு. 15 கிலோ கன்றுக்கு ஒன்றரை லிட்டர். ஆனால் ஒரு கன்றுக்கென்று ஊறிய சீம்பாலை இரண்டு கன்று பங்கு போடுகிறது. பலமுள்ள கன்று முட்டி மோதிக் குடித்துவிடும். சோனிக் கன்று ஒதுங்கிப் படுத்துவிடும். ஆகவே சோனிக் கன்றை முதலில் காம்பில் விடுங்கள். எழுந்து நிற்க முடியாவிட்டால், பசுவைக் கட்டி நிறுத்திக் கறந்து, புட்டியில் கொடுங்கள். சப்பத் தெரியாத கன்றின் வாயில் பாலை ஊற்றக்கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். குழாய் போட்டுக் கொடுக்கத் தெரிந்தவரை அழையுங்கள்.

வேறு பசு ஈனும்போது மிஞ்சுகிற சீம்பாலை ஐஸ்பெட்டியில் உறைய வைத்திருப்பது நல்ல பழக்கம். வேண்டும்போது வெதுவெதுப்பான நீரில் வைத்து இளக்கிக் கொள்ளலாம். கொதிக்க வைத்தால் அதன் சக்தி போய்விடும். பால்மாவு பசியை ஆற்றும், சீம்பாலுக்கு ஈடாகாது.

முதல் மூன்று நாள்

பசு முதலில் நக்கிய கன்றைத் தன் கன்று என்று ஏற்றுக்கொண்டு அதோடு நடந்து போய்விடும். மற்றது செம்பனைக் காட்டிலேயே கிடக்கும். அதனால் மூன்றையும் மூன்று நான்கு நாளுக்குச் சிறிய கொட்டடியில் ஒன்றாக அடைத்து வையுங்கள். தாய் இரண்டையும் முகர்ந்து, இரண்டுக்கும் பால் விடுவதைக் கண்ணால் கண்ட பிறகு வெளியே விடுங்கள். தாய் ஒன்றை உதைத்துக்கொண்டே இருந்தால், கன்றை இழந்த வேறொரு பசுவிடம் சேர்த்துப் பார்க்கலாம். அதுவும் முடியாவிட்டால் புட்டிப்பால்தான்.

இதே நாள்களில் தாயின் பின்புறத்தையும் கவனியுங்கள். நஞ்சுக்கொடி சாதாரணமாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். இரட்டை ஈன்ற பசுவுக்கு அது தங்கிவிடுவது அதிகம். ஒரு நாள் தாண்டியும் விழாவிட்டால் கையால் பிடித்து இழுக்காதீர்கள். கனமான பொருளைக் கட்டித் தொங்கவிடாதீர்கள். கருப்பை கிழியலாம், இரத்தம் போகலாம். துர்நாற்றம், காய்ச்சல், தீனி எடுக்காமை தெரிந்தால் உடனே மருத்துவரை அழையுங்கள்.

தாயின் தீனி

எளிதாக ஏமாந்துபோகும் இடம் இதுதான். முதல் மாதம் கன்றுகள் துள்ளி விளையாடும். எல்லாம் நன்றாக நடப்பதாகத் தெரியும். அந்தத் துள்ளல் தாயின் உடம்பிலிருந்து வருகிறது. இரண்டு வாய் சப்பச் சப்ப, பசு தன் கொழுப்பையும் சதையையும் கரைத்துப் பால் கொடுக்கும். விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தால் அது அபாய அறிவிப்பு. அப்படி மெலிந்த பசு மீண்டும் சினைக்கு வர மாதக்கணக்காகும். இந்த ஆண்டு ஒரு கன்று கூடுதலாகக் கிடைத்து, அடுத்த ஆண்டு கன்றே இல்லாமல் போனால் லாபம் எங்கே?

வளர்ந்த செம்பனையின் நிழலில் புல் அதிகம் முளைக்காது. அங்கே அவிழ்த்துவிட்டால் போதும் என்று நினைக்கக்கூடாது. 250 கிலோ பசுவுக்குப் பச்சைப்புல்லே நாளுக்கு 30 கிலோ அளவில் வேண்டும். அதற்கு மேல், நம் நாட்டில் தாராளமாகக் கிடைக்கும் செம்பனை விதைப் புண்ணாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நாளுக்கு இரண்டு கிலோ வரை கொடுக்கலாம். ஆடு வளர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இதில் செம்புச் சத்து உண்டு, மாடு தாங்கும், செம்மறி ஆடு தாங்காது. தாது உப்புக்கட்டியும், எந்நேரமும் சுத்தமான தண்ணீரும் இருக்கட்டும்.

கன்றுகளுக்கு மூன்றாவது வாரத்திலிருந்தே இளம்புல்லும் சிறிது தீவனமும் பழக்குங்கள். தாய் நுழைய முடியாத சிறு அடைப்பில் வைத்தால் கன்றுகள் மட்டும் தின்னும். ஆறேழு மாதம் காத்திராமல், கன்று நன்றாகத் தின்னப் பழகியதும் நான்காம் மாதத்தில் பால் மறக்கச் செய்தால் தாய் தேறிவிடும்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் அரசு ஆய்வு நிலையம் ஒன்று, 1980-களில் தொடங்கி, இரட்டை ஈனும் மாடுகளையே பொறுக்கியெடுத்துப் பெருக்கியது. ஒரு பசுவுக்குக் கிடைத்த கன்று எடை கூடியது உண்மை. பிரசவச் சிக்கலும், நஞ்சு தங்குதலும், கன்றுச் சாவும் கூடவே வந்தன. அவ்வளவு வசதி உள்ள இடத்திலேயே அந்த நிலை என்றால், நம் கொட்டகையில் எத்தனை கவனம் வேண்டும்!

கிடாரியை விற்கும் முன்

ஒன்று காளை, ஒன்று கிடாரி என்று பிறந்தால், அந்தக் கிடாரி நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சினை பிடிக்காது. இது சாபமும் அல்ல, பசுவின் குற்றமும் அல்ல. கருவிலேயே இரண்டின் இரத்தக் குழாய்களும் இணைந்துவிடுவதால், காளைக் கன்றின் சுரப்பு கிடாரியின் கருப்பை வளர்ச்சியைத் தடுத்துவிடுகிறது. ஃபிராங்க் லில்லி என்ற அமெரிக்க அறிஞர் 1916-இல் இதை விளக்கினார். 1945-இல் ரே ஓவன் என்பவர், இப்படிப்பட்ட இரட்டையர் ஒருவர் இரத்த அணுக்களை மற்றவர் உடம்பில் சுமந்து திரிவதைக் கண்டுபிடித்தார். பிறர் உறுப்பை உடம்பு ஏற்பதும் மறுப்பதும் பற்றிய ஆராய்ச்சிக்கு அது ஒரு வழிகாட்டி. அத்துறையில் பர்னெட், மெடாவர் இருவரும் 1960-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மாட்டுக் கொட்டகையிலிருந்து மருத்துவமனை வரை போன வழி அது.

நமக்கு வேண்டிய பாடம் எளியது. இரண்டும் கிடாரி என்றாலோ, இரண்டும் காளை என்றாலோ கவலை இல்லை. கலந்து பிறந்தால், கிடாரியின் காதில் அடையாளம் போட்டு, மருத்துவரிடம் காட்டிச் சோதித்துக் கொள்ளுங்கள். சினை பிடிக்காத கிடாரியும் வளர்ந்தால் நல்ல விலைக்குப் போகும், ஹஜ்ஜுப் பெருநாள் சமயத்திலோ மற்ற நேரத்திலோ. ஆனால் இனவிருத்திக்கு என்று சொல்லி இன்னொரு ஏழைக்கு விற்கக்கூடாது. அவர் மூன்று ஆண்டு தீனி போட்டுக் கன்றுக்காகக் காத்திருப்பார். நாம் வாங்கிய பணம் அவருடைய மூன்று ஆண்டு உழைப்பு.

அன்பர்களே, இரட்டைக் கன்று அதிர்ஷ்டமா என்று என்னைக் கேட்டால், ஆறு மாதம் கழித்துத் தாயின் விலாவைப் பார்த்துச் சொல்கிறேன் என்பேன்.