சிறார் கதைநூலுக்குச் சுவையே தலைவாயில்

 

தமிழ் வாழவேண்டும் என மேடைதோறும் முழங்குவோர் பலர். பத்து அகவைச் சிறுவன் விரும்பிப் படிக்கத்தக்க கதைநூல் ஒன்றைத் தமிழில் எழுதித் தருவோரோ மிகச் சிலர். இக்குறையை நீக்காமல் மொழிகாக்கப் புறப்படுவது, நாற்றங்காலை மறந்து கதிரறுக்கப் போவதை ஒக்கும்.

சிறுவன் அறிவுரைக்காகக் கதைநூலைத் திறப்பதில்லை. அடுத்து என்ன நிகழும் என்னும் துடிப்பே அவனை ஈர்க்கின்றது. அத்துடிப்பில்லா நூல், எத்துணைத் தூய தமிழில் எழுதப்பெறினும் பேழையில் உறங்கும். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்சு வெளியிட்ட ‘இரும்புக்கை மாயாவி’யைச் சிறார் விரும்பிப் படித்தனர். அஃது ஆங்கிலப் படக்கதையின் தமிழாக்கம். விறுவிறுப்பைத் தாங்கத் தமிழால் இயலும் என்பது அதனாற் புலனாயிற்று. ஆயினும் கதை நிகழ்ந்த மண் தமிழ்மண் அன்று.

தமிழ்மண்ணிற் கதைக்குப் பஞ்சமா? கடலூர்த் தேவனாம்பட்டினக் கோட்டையை 1690இல் ஆங்கில வணிகர் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். சூழ்ந்த நிலத்திற்கு எல்லை வகுத்தது அளவுகோல் அன்று, பீரங்கி! பல திசையிலும் சுட்டு, குண்டு எட்டிய தொலைவுக்குட்பட்ட ஊர்களையெல்லாம் தமதாக்கிக் கொண்டனர். அவை ‘குண்டுக் கிராமங்கள்’ என்றே பெயர்பெற்றன. குண்டு வீழ்ந்த ஓசைகேட்டு வரப்பில் ஓடிய உழவர்மகன் ஒருவனைக் கதைத்தலைவனாக்கினால், நாடு பறிபோன வரலாற்றை எந்தச் சிறுவன் மறப்பான்?

சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில், உப்பங்கழிகள் பின்னிக் கிடக்கும் அலையாத்திக் காடு உள்ளது. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரம் அங்கே வளர்கின்றது. அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு. காட்டினூடே வழிதவறிய இரு சிறுவர், ஒடிந்த துடுப்பு, ஏறிவரும் ஓதம். இதற்குமேல் என்ன வேண்டும்? ‘ஓதம்’ என்னும் சொல்லுக்கு அடிக்குறிப்பும் வேண்டா. நீர் படகுவிளிம்பைத் தொடும்போதே அச்சொல் படிப்பவன் நெஞ்சிற் பதிந்துவிடும். தூய சொல்லைக் கதை சுமக்கவேண்டும். சொல்லைக் கதைமேல் ஏற்றிவைத்தல் கூடாது.

இப்பகுதிக் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய வீராணத்து ஏரிக்கரையில்தான், 1950இல் கல்கி தம் ‘பொன்னியின் செல்வன்’ தொடர்கதைக் குதிரைவீரனை முதலில் நிறுத்தினார். அந்நடை தனித்தமிழன்று, ஆயினும் இளையோரை ஈர்த்த அவ்வாற்றல் கற்கத்தக்கது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் 1961 வரை பணியாற்றிய மொழிஞாயிறு பாவாணர், சொல்வேர்களை அகழ்ந்தவர். அவரே தமிழ்ச்சிறார் விளையாட்டுகளைப் பற்றியும் நூலெழுதினார். ‘தென்மொழி’ கண்ட பாவலரேறு பெருஞ்சித்திரனார், சிறார்க்கெனத் ‘தமிழ்ச்சிட்டு’ இதழையும் நடத்தினார். சிறாரின் மகிழ்ச்சியை அவ்வறிஞர்கள் சிறுமையாகக் கருதவில்லை.

எழுதவல்லோர் எழுதுக. பெற்றோர் பிறந்தநாள்தோறும் ஒரு தமிழ்க் கதைநூலேனும் வாங்கித் தருக. நூலைக் கீழே வைக்க மனமின்றி, ‘இன்னும் ஒரு பக்கம்’ என்று ஒரு பிள்ளை கெஞ்சுமானால், அந்த வீட்டில் தமிழ் வாழ்கின்றது என்று துணிந்து கூறலாம்.