பழைய டிராக்டரில் ஒழுகும் டீசல் பம்ப்

டிராக்டரில் டீசல் பம்ப் என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒரு பம்ப் அல்ல, இரண்டு. டேங்கிலிருந்து டீசலை இழுத்து ஃபில்டருக்குத் தள்ளுவது ஃபீட் பம்ப். ஃபில்டரைத் தாண்டி வந்த டீசலை அளந்து, அழுத்தி, நேரம் தவறாமல் ஒவ்வொரு நாசிலுக்கும் அனுப்புவது இன்ஜெக்‌ஷன் பம்ப். பட்டறைகளில் அதை எஃப்.ஐ.பி. என்பார்கள். ஃபீட் பம்பின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சில பவுண்டுதான். இன்ஜெக்‌ஷன் பம்போ, நாசிலைத் திறப்பதற்கே பல டிராக்டர்களில் சதுர சென்டிமீட்டருக்கு 170 கிலோவுக்கு மேல் அழுத்தம் தந்தாக வேண்டும். ஒழுகுவது எந்தப் பம்ப் என்று தெரிந்த பிறகுதான், தோட்டத்திலேயே கழற்றிச் சரிசெய்வதா, பம்ப் பட்டறைக்கு எடுத்துப் போவதா, புதிதாக வாங்குவதா என்ற பேச்சுக்கே இடம் உண்டு.

கொடுமுடி வட்டாரத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுவதற்குக் காரணம் இருக்கிறது. காவிரிக் கரையிலும் காலிங்கராயன் வாய்க்காலின் கடைமடையிலும் மஞ்சள், கரும்பு, வாழை, தென்னை என்று வருடம் முழுவதும் ஏதாவது ஒரு வேலை மண்ணில் நடந்துகொண்டிருக்கிறது. பெரிய உழவை வாடகை வண்டி பார்த்துக்கொண்டாலும், டிரெய்லர் இழுக்கவும் தென்னைக்கு நடுவே ஓட்டவும் வாங்கிப் பல ஆண்டுகள் ஆன சொந்த டிராக்டர் ஒன்று தோட்டத்தில் நிற்கும். மாஸி 1035, மஹிந்திரா பி-275 போன்ற பழைய வண்டிகளே இவற்றில் அதிகம். மாஸி டிராக்டரைச் செய்யும் டாஃபே 1960ல் சென்னையில் தொடங்கியது. அதன் பல வண்டிகளுக்கு இன்ஜின் கொடுத்த சிம்ப்சன், 1840ல் குதிரை வண்டி கட்டும் நிறுவனமாகச் சென்னையில் பிறந்தது. டீசல் பம்ப் துறையில் நெடுங்காலம் நின்ற பெயர்கள் பெங்களூரில் 1951ல் தொடங்கிய மைக்கோவும், சென்னையில் 1961ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ்ஸும். மைக்கோ 2008ல் பாஷ் என்று பெயர் மாறிய பிறகும் பட்டறைகளில் அது மைக்கோ பம்ப்தான். பக்கத்திலேயே கரூரில் பஸ் கூண்டு கட்டுகிறார்கள், நாமக்கல்லில் லாரித் தொழில், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள். இத்தனை டீசல் இன்ஜின்கள் ஓடும் ஊர்களில் பம்ப் மெக்கானிக்குக்கும் உதிரிப் பாகத்துக்கும் பஞ்சமில்லை. பழைய டிராக்டரை இன்னும் ஓட வைத்திருப்பது பெருமளவு இந்த வசதிதான்.

முதல் வேலை, ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது. பாதிப் பம்புகள் இந்த இடத்தில்தான் வீணாகக் கழற்றப்படுகின்றன. டீசல் மெல்லப் படர்ந்து ஊரக்கூடியது. மேலே ஒரு இணைப்பில் கசிந்து, கீழே பம்பின் அடியில் வந்து சொட்டும். சொட்டுகிற இடத்தை நம்பக் கூடாது. பம்பையும் அதைச் சுற்றியுள்ள பைப்புகளையும் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவி, பனியன் வேஸ்ட்டால் ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். பிறகு சாக்பீஸ் தூளையோ முகப் பவுடரையோ தூவிவிட்டு, ஃபீட் பம்பின் கை லீவரைப் பத்துப் பதினைந்து முறை அடித்தால், பவுடர் முதலில் நனைகிற இடமே குற்றவாளி. பெரும்பாலும் அது பம்பாகவே இருக்காது. பேஞ்சோ போல்ட்டின் இரண்டு பக்கமும் உள்ள செம்பு வாஷர், வெடித்த ரப்பர் ஹோஸ், தேய்ந்த கிளிப், கண்ணாடிக் கிண்ணத்தின் கார்க் பேக்கிங் என்று சின்னச் சாமானில் முடிந்துபோகும். செம்பு வாஷரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்தால் மறுபடி மென்மையாகி நன்றாக அமரும். அலுமினிய வாஷருக்கு இந்த வித்தை செல்லாது. புதிதுதான் போட வேண்டும்.

வெளியே சொட்டும் டீசலாவது கண்ணுக்குத் தெரிகிறது. நொடிக்கு ஒரு சொட்டு வீதம் நாள் முழுவதும் ஒழுகினால் ஒரு லிட்டருக்கு மேல் போய்விடும். அதைவிட மோசமானது உள்ளே ஒழுகுவது. கேம்ஷாஃப்டால் இயங்கும் டயஃப்ரம் வகை ஃபீட் பம்ப் இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் பொருத்தப்பட்டிருக்கும். டயஃப்ரம் கிழிந்தால் டீசல் நேராக ஆயில் சம்ப்புக்குள் இறங்க வழி இருக்கிறது. சில பம்புகளில் டயஃப்ரத்துக்குக் கீழே ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். கிழிந்ததும் டீசல் அதன் வழியே வெளியே சொட்டி எச்சரிக்கும். அதை ஓட்டை என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் உண்டு. அடைத்த அன்றிலிருந்து அந்த டீசல் ஆயிலில் கலக்கிறது. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தால் விஷயம் வெளிப்படும்: ஊற்றாமலே அளவு ஏறியிருக்கும், ஆயில் தண்ணீராக ஓடும், டீசல் வாடை அடிக்கும். நீர்த்த ஆயிலில் ஓடும் இன்ஜினில் முதலில் போவது பேரிங்குகள். கிராங்க் ஷாஃப்டை அரைக்கக் கொடுக்க வேண்டிய நிலை வந்தால், அந்தச் செலவின் முன் ஒரு ஃபீட் பம்பின் விலை ஒன்றுமே இல்லை. சம்ப்பில் அளவு மிஞ்சிவிட்டால், இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக இழுத்து, நிறுத்தினாலும் நிற்காமல் வேகமெடுக்கும் அபாயமும் இருக்கிறது.

ஆயிலில் டீசல் கலந்திருந்தால் சந்தேகம் இரண்டு பேர் மேல் வரும். ரோட்டரி வகை இன்ஜெக்‌ஷன் பம்பில் டிரைவ் ஷாஃப்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் தேய்ந்தாலும் டீசல் டைமிங் கேஸ் வழியாகச் சம்ப்புக்குப் போகும். ஃபீட் பம்பைக் கழற்றி, உள்வழியில் டீசல் கொடுத்து, வெளிவழியை விரலால் அடைத்துக்கொண்டு லீவரை அடிக்கும்போது அடிப்பகுதியில் டீசல் வந்தால் அதுவே காரணம். வராவிட்டால் ரோட்டரியைத்தான் பார்க்க வேண்டும்.

டயஃப்ரம் பம்பின் அமைப்பு எளிமையானது. கேம் லீவரை அசைக்க, லீவர் டயஃப்ரத்தைக் கீழே இழுக்கிறது. உள்வால்வு திறந்து டீசல் வருகிறது. பிறகு ஸ்பிரிங் டயஃப்ரத்தை மேலே தள்ள, வெளிவால்வு வழியாக டீசல் ஃபில்டருக்குப் போகிறது. தேவை குறைந்தால் டயஃப்ரம் கீழேயே நின்றுவிடும், லீவர் மட்டும் சும்மா ஆடும். தள்ளும் அழுத்தத்தை ஸ்பிரிங்தான் முடிவு செய்கிறது. ஆகவே ரிப்பேர் கிட்டில் வந்த ஸ்பிரிங்கை விட்டுவிட்டு, கையில் கிடைத்த இறுக்கமான ஸ்பிரிங்கைப் போட்டால் பம்ப் பலமாகாது. டயஃப்ரம் சீக்கிரம் கிழியும், அவ்வளவுதான்.

கழற்றும்போது டேங்க் குழாயை முதலில் மூட வேண்டும். மாஸி போன்ற வண்டிகளில் டேங்க் இன்ஜினுக்கு மேலே இருப்பதால், குழாய் திறந்திருந்தால் டேங்க் முழுவதும் தரையில்தான். பைப்புகளைக் கழற்றி வாய்களைச் சுத்தத் துணியால் கட்டிவிடலாம். லீவர் கேமின் மேட்டில் உட்கார்ந்திருந்தால் பம்ப் போல்ட் இறுக்கமாக வரும். இன்ஜினைக் கொஞ்சம் சுற்றி லீவரைப் பள்ளத்துக்குக் கொண்டுவந்தால் பம்ப் தானாகத் தளர்ந்து வெளிவரும். பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது துணுக்கு சம்ப்புக்குள் விழாமல் ஓட்டையில் துணி அடைத்துக்கொள்வது அவசியம். துணியை மறக்காமல் எடுப்பது அதைவிட அவசியம்.

மேலுடலையும் கீழுடலையும் பிரிக்குமுன் இரண்டின் குறுக்கேயும் அரத்தால் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி பூட்டும்போது பைப் வாய்கள் திசை மாறிப் போகும். ஸ்குரூக்களைக் கழற்றியதும், பல பம்புகளில் டயஃப்ரத்தை அழுத்திக் கால் சுற்றுச் சுற்றினால் லீவர் கொக்கியிலிருந்து விடுபடும். வால்வுகள் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஒன்று மேல் நோக்கியும் மற்றொன்று கீழ் நோக்கியும் உட்கார்ந்திருப்பதை எடுக்குமுன்பே கவனிக்க வேண்டும். லீவர் முனையும் அச்சுக் கம்பியும் தேய்ந்து ஆடினால் கிட் போட்டுப் பயனில்லை, முழுப் பம்பும் மாற்ற வேண்டியதுதான். மேலுடல் வளைந்திருந்தாலும் அப்படியே. கண்ணாடித் தகட்டின் மேல் எமரி தாள் விரித்து லேசாகத் தேய்த்துச் சமப்படுத்தலாம் என்பது சிறு வளைவுக்கு மட்டும் பொருந்தும்.

புது டயஃப்ரத்தைப் பூட்டுவதில்தான் கைத்திறம் வெளிப்படுகிறது. ஸ்குரூக்களை முதலில் தளர்வாகவே நிறுத்தி, லீவரை முழுதும் அழுத்தி டயஃப்ரத்தை அதன் கடைசி எல்லை வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். டயஃப்ரம் தளர்ந்து நிற்கும்போதே ஓரத்தை இறுக்கிவிட்டால், இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு இழுப்புக்கும் ஓரம் வலிந்து சீக்கிரமே கிழியும். புதிது போட்டும் நிற்கவில்லை, கம்பெனிச் சாமான் சரியில்லை என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இந்த ஒரு தவறுதான் இருக்கிறது. அனபாண்ட் வகைப் பசையைப் பேக்கிங் முழுக்க அள்ளிப் பூசுவது இன்னொரு கெட்ட வழக்கம். பிதுங்கி உள்ளே போகும் பசை வால்வில் ஒட்டிக்கொள்ளும். பூட்டி முடித்த பம்பின் உள்வழியை விரலால் மூடி லீவரை அடித்தால் விரலை உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். சில நொடிகளாவது அந்தப் பிடி நிற்க வேண்டும். இந்தச் சோதனை வண்டியில் ஏற்றுமுன் செய்ய வேண்டியது.

ரப்பர் விஷயத்தில் ஒரு செய்தி. சைக்கிள் டியூபை வெட்டி டயஃப்ரம் செய்வது இயற்கை ரப்பரைப் போடுவதுதான். அது டீசலில் ஊறி உப்பிவிடும், அவசரத்துக்குக்கூட உதவாது. டீசலும் மாறியிருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் விற்பது பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கந்தகம் இல்லாத பி.எஸ்.-6 டீசல். அமெரிக்காவில் 1993ல் கந்தகம் குறைத்த டீசல் வந்தபோது, நன்றாக இருந்த பழைய பம்புகள் பல திடீரென்று கசியத் தொடங்கின. முன்பிருந்த டீசலில் உப்பிப் பழகிய பழைய ரப்பர் சீல்கள் புது டீசலில் சுருங்கியதே காரணம். வருடக்கணக்காக மாற்றாத சீல் உள்ள வண்டிக்கு இது இங்கும் பொருந்தும். சீல் செட் வாங்கும்போது வைட்டான் ரகம் கிடைத்தால் அதையே கேட்டு வாங்குவது நல்லது.

வரிசையாகப் பிளஞ்சர்கள் நிற்கும் இன்லைன் பம்புள்ள வண்டிகளில் ஃபீட் பம்ப் அதன் விலாவிலேயே இருக்கும். இதில் டயஃப்ரம் இல்லை, சின்ன பிஸ்டன். கைப்பம்பின் ஓ-ரிங்கில் கசிந்தால் ரிங் மாற்றினால் போதும்; உள்கம்பி தேய்ந்து கசிந்தால் பம்பையே மாற்றுவது சிக்கனம்.

இன்ஜெக்‌ஷன் பம்பின் கதை வேறு. பிளஞ்சருக்கும் பேரலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். தலைமுடி அதைவிட இருபது மடங்குக்கு மேல் பருமன். ஒரு ஜோடியின் பிளஞ்சரை இன்னொரு பேரலில் போட முடியாது, எமரி தாள் கிட்டவே வரக் கூடாது. திறந்து மூடிய பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, ஒவ்வொரு வாயும் கண்ணாடிக் குழாயில் தரும் டீசலைச் சமப்படுத்தி, கவர்னரை அமைத்துச் சீல் வைத்த பிறகுதான் வண்டிக்குத் திரும்ப வேண்டும். மரத்தடியில் இதைப் பிரிக்கும் மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அது துணிச்சல்தானே தவிர வேலை அல்ல. கழற்றி எடுத்துப் போவது மட்டும் தோட்டத்தில் நடக்கலாம். அப்போது பம்பின் விளிம்பிலும் இன்ஜினிலும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொண்டால், திரும்பப் பூட்டும்போது டைமிங் தவறாது. தவறினால் புகையும் இடியும் காட்டிக்கொடுத்துவிடும்.

புது ஃபீட் பம்ப் வாங்குவதாக இருந்தால் பழையதைக் கையோடு கொண்டுபோக வேண்டும். லீவரின் நீளமும் வளைவும் ஒத்துப்போகாத பம்ப் போல்ட்டுக்குச் சரியாக உட்கார்ந்துவிடும். ஆனால் கேமில் அடிபட்டு லீவர் உடையும், அல்லது பாதித் தூரமே இழுக்கும். பேக்கிங்கின் தடிமனும் இப்படியே. இரட்டைப் பேக்கிங் போட்டால் இழுப்பு குறையும்.

பூட்டியதும் ஏர் எடுக்க வேண்டும். வரிசை டேங்கிலிருந்து நாசில் நோக்கிப் போகும்: முதலில் ஃபில்டர் தலையிலுள்ள ஸ்குரூ, பிறகு இன்ஜெக்‌ஷன் பம்பின் ஸ்குரூ, கடைசியில் நாசில் நட்டுகள். ஒவ்வொன்றிலும் கை லீவரை அடித்து, குமிழி நின்று டீசல் கம்பியாக வந்ததும் முறுக்கிவிட வேண்டும். நாசில் நட்டை மட்டும் தளர்த்தி, ஸ்டார்ட்டரைச் சுற்றித்தான் ஏர் எடுப்பது. அந்த நேரத்தில் பீய்ச்சும் டீசலுக்கு முன்னால் கை இருக்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் அது தோலைத் துளைத்து உள்ளே போகும், அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ஏர் எடுத்த பிறகும் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால், டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் எங்கோ காற்று இழுக்கிறது. அங்கே சொட்டு விழாமலும் இருக்கலாம்.

சம்ப்பில் டீசல் கலந்திருந்த வண்டியில், ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிய பிறகே இன்ஜினை ஓட்ட வேண்டும். கழித்த ஆயிலை வாய்க்கால் கரையில் ஊற்றாமல் கேனில் பிடித்து வைத்தால், பழைய ஆயில் எடுப்பவர்கள் பணம் கொடுத்தே வாங்கிக்கொள்வார்கள்.