ஐந்தொகையும் உழைப்பாளர் உரிமையும்

மாத்தளை மாவட்டத்துத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் பலவற்றின் நிருவாகம் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. எல்கடுவ கம்பனி அவ்வகையினது. இத்தகைய கம்பனி ஒன்றுக்குத் தேயிலை விற்றவகையில் வரவேண்டிய பணம் நிதிச் சொத்து. வங்கிக்குத் தரவேண்டிய கடன் நிதிப் பொறுப்பு.

முன்னாளில், நட்டம் நேர்ந்தமைக்குச் சான்று கிடைத்த பின்னரே வரவேண்டிய தொகையைக் குறைத்தெழுதினர். 2018இல் நடைமுறைக்கு வந்த இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 9, எதிர்பார்க்கத்தக்க நட்டத்தை முன்கூட்டியே கணக்கிற் கொள்ளல் வேண்டுமென விதித்தது.

தொழிலாளரின் பணிக்கொடையோ வேறொரு நியமத்தின்பாற்பட்டது. ஐந்தாண்டு உழைத்தவர்க்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அளித்த உரிமை அது. எனினும், வாராக் கடனை வரவாகக் காட்டும் ஏடு, அவ்வுரிமையைத் தீர்க்கப் பணம் உண்டென்று மயக்கும். உள்ளதை உள்ளவாறு உரைக்கும் ஐந்தொகையே கொழுந்து பறித்த கைகளுக்குக் காவலாகும்.