இருட்டறை வில்லையும் இன்றைய கமராவும்

இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடைக்குச் செல்லும் பெருவழியில், பெல்மதுளையைக் கடந்தபின் வருவது ஓப்பநாயக்க. களனிப் பள்ளத்தாக்குச் சிறு இருப்புப்பாதை 1919ஆம் ஆண்டில் அவ்வூரை வந்தடைந்தது. அதற்கப்பால் அது செல்லவில்லை. சூழவுள்ள தோட்டங்களின் தேயிலையும் றப்பரும் அப்பாதை வழியே கொழும்பை நோக்கி இறங்கின. 1970களில் அந்தப் பாதை கைவிடப்பட்டது. புகையிரதம் நின்றபோது ஊரார் அனைவரும் அறிந்தனர். ஆனால், இத்தகைய சிறு நகரங்களிலிருந்து யாரும் அறியாவண்ணம் மறைந்துபோன மற்றொன்றும் உண்டு. அதுதான் படப்பிடிப்பு நிலையங்களின் இருட்டறை.

இருட்டறையின் நடுநாயகமாக விளங்கியது உருப்பெருக்கி என்னும் கருவி. நிலைக்குத்தான ஒரு தூண், அதன் உச்சியில் ஒரு விளக்குக் கூடு, விளக்கின் கீழே நெகற்றிவ், அதற்கும் கீழே ஒரு வில்லை, அடித்தட்டில் படத்தாள். விளக்கின் ஒளி நெகற்றிவை ஊடுருவி, வில்லையின் வழியே இறங்கி, தாளின்மீது பெரிய உருவமாக விழும். விரலளவு நெகற்றிவ் சுவரில் மாட்டும் படமாக உருப்பெறுவது இவ்வாறே.

இக்கருவி எல்லாக் காலத்திலும் இன்றியமையாததாய் இருந்ததில்லை. ஆங்கிலப் படக்கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875ஆம் ஆண்டில் இலங்கையில் குடியேறி, 1879இல் டிக்கோயாப் பகுதியில் காலமானவர். தோட்டத் தொழிலாளரை அவர் எடுத்த படங்கள் சில இன்றும் எஞ்சியுள்ளன. அவர் கையாண்டவை பெரிய கண்ணாடித் தகடுகள். தகடு எவ்வளவோ படமும் அவ்வளவே. ஆகவே பெருக்க வேண்டிய தேவை எழவில்லை. 1925இல் லைக்கா கமரா விற்பனைக்கு வந்து, 24க்கு 36 மில்லிமீற்றர் அளவான சிறு நெகற்றிவ் பரவிய பின்னரே உருப்பெருக்கியும் அதன் வில்லையும் இருட்டறைக்கு இன்றியமையாதனவாயின.

கமரன் அம்மையார் எடுத்த படங்களில் இருப்போர் பெரும்பாலோரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. தோட்ட மக்கள் தம் பெயரோடு படத்தில் இடம்பெற்றது பெரும்பாலும் அரசாங்கப் பத்திரங்களின் பொருட்டே. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. மீதியிருந்த 150,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பிரசாவுரிமை மனுவுக்கு ஒரு படம், கடவுச்சீட்டுக்கு ஒரு படம், 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டைக்கு ஒரு படம் என நகரத்துப் படப்பிடிப்பு நிலையத்தின் படியேற வேண்டியதாயிற்று. பலருக்கு வாழ்நாளில் எடுத்த படம் அது ஒன்றே. அண்ணன் தலைமன்னாரில் கப்பலேற, தம்பி லயத்தில் தங்கிவிட்ட குடும்பங்கள் பல. பிரிந்தவர் முகமும் இறந்தவர் முகமும் அந்தச் சிறு நெகற்றிவிலிருந்து பெருக்கப்பட்டு, சட்டமிடப்பட்டு, மாலை சூட்டப்பட்டு, லயத்துச் சுவரில் இடம்பெற்றன.

அப்படங்களை இன்று காலம் அரிக்கின்றது. இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட மழை பெய்கின்றது. ஈரம் படத்தாளின் மேற்பூச்சை ஊதவைக்கும். பூஞ்சணம் அதனை உண்ணும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அசற்றேற்றுப் படச்சுருள் சுருங்கி, புளிக்காடி மணம் வீசத் தொடங்கும். அந்த மணம் வந்துவிட்டால் நெகற்றிவின் நாள்கள் எண்ணப்படுகின்றன என்பதே பொருள். ஆதலின், எஞ்சியவற்றைக் காலந்தாழ்த்தாது பிரதி செய்துகொள்ளுதல் வேண்டும். அப்பணிக்கு மிகப் பொருத்தமான கருவிகளுள் ஒன்று, அவற்றை உருவாக்கிய அதே இருட்டறை வில்லைதான் என்பது வியப்புக்குரிய செய்தி.

காரணம் யாதெனின், சாதாரணக் கமரா வில்லை மலையையும் மனிதரையும் நோக்கிச் செய்யப்பட்டது. தட்டையான ஒரு தாளை அண்மையில் வைத்து எடுத்தால், நடுப்பகுதி கூர்மையாயிருக்க ஓரங்கள் மங்குதல் கூடும். நேர்கோடு சற்றே வளைதலும் கூடும். உருப்பெருக்கி வில்லையோ தட்டையான நெகற்றிவைத் தட்டையான தாளில் பிசகின்றி இறக்குவதற்கென்றே அமைக்கப்பட்டது. நடுவும் மூலையும் அதற்கு ஒன்றே. ஒளி எத்திசையிற் சென்றாலும் வில்லைக்குப் பேதமில்லை. நெகற்றிவ் இருந்த இடத்தில் டிஜிற்றல் கமராவின் உணரியை வைத்து, தாள் கிடந்த இடத்தில் பழைய படத்தை வைத்தால், ஒளி முன்னர் வந்த வழியே திரும்பிச் செல்லும்.

ஒரு கணக்கு இதனைத் தெளிவுபடுத்தும். சுவர்ப்படம் 24க்கு 36 சென்ரிமீற்றர், உணரி 24க்கு 36 மில்லிமீற்றர் எனக் கொள்வோர்க்கு விகிதம் சரியாகப் பத்துக்கு ஒன்று. 50 மில்லிமீற்றர் வில்லைகள் பலவும் ஏறத்தாழ இந்த விகிதத்தை மனத்திற்கொண்டே வடிவமைக்கப்பட்டன. வில்லையிலிருந்து படம் ஏறத்தாழ 55 சென்ரிமீற்றர் தூரத்திலும், உணரி ஐந்தரைச் சென்ரிமீற்றர் தூரத்திலும் அமையும். இருட்டறையில் இருந்த அதே இடைவெளிகள் இவை.

இனி, வில்லையைக் கமராவிற் பொருத்தும் முறை. நிக்கனின் இஎல்–நிக்கோர், ஷ்னைடரின் கொம்பொனொன், ரோடன்ஸ்டொக்கின் ரோடகொன் முதலிய வில்லைகளுட் பெரும்பாலானவற்றின் பின்புறத்தில் 39 மில்லிமீற்றர் மரை உண்டு. இவ்வில்லைகளில் ஒளித்துவாரத்தைச் சுருக்கும் வளையம் இருக்கும். தூரத்தைச் சரிசெய்யும் அமைப்பு இராது. இருட்டறையில் அந்த வேலையை உருப்பெருக்கியின் தோல்துருத்தி செய்தமையே காரணம். அதனிடத்தில் இன்று ஒரு திருகுகுழாய் வேண்டும். 17 முதல் 31 மில்லிமீற்றர் வரை நீளும் 42 மில்லிமீற்றர் மரைக் குழாய் இதற்கென விற்கப்படுகின்றது. 39ஐ 42ஆக மாற்றும் ஒரு வளையம் முன்னே, கமராவின் வாய்க்கேற்ற ஒரு வளையம் பின்னே, அவ்வளவே தேவை.

உள்ளே ஆடி இல்லாத புதுவகைக் கமராக்களே இதற்கு உகந்தவை. அவற்றில் வாய்க்கும் உணரிக்கும் இடைவெளி ஏறத்தாழ 16 முதல் 20 மில்லிமீற்றர் மாத்திரமே. திருகுகுழாய்க்குப் போதிய இடம் கிடைக்கும். ஆடியுள்ள பழைய கமராவில் 50 மில்லிமீற்றர் வில்லை தொலைவுக் காட்சிக்கு உதவாது. ஆயினும், அண்மைப் படத்தைப் பிரதி செய்வதற்கு அதுவும் போதும். வில்லையை முன்தள்ளும் குழாய் மாத்திரம் அளவறிந்து தெரிவுசெய்யப்பட வேண்டும். வில்லை இணைக்கப்படாதபோதும் படம் எடுக்க அனுமதிக்கும் ஏற்பாட்டினைக் கமராவில் இயக்கிவைத்தல் அவசியம்.

பலரும் அறியாத இடர் ஒன்று உண்டு. இருட்டில் துவார எண்ணைக் காண்பதற்காகச் சில வில்லைகளின் உடலில் ஒளிபுகும் சிறு சாளரம் அமைத்துள்ளனர். கமராவிற் பொருத்தினால் வெளியொளி அச்சாளரத்தின் வழியே உட்புகுந்து படத்தை வெளிறச் செய்யும். கறுப்பு நாடா ஒரு துண்டினால் அதனை மூடினால் குறை தீரும். பழைய வில்லை வாங்குவோர் அதனை ஒரு விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தலும் நன்று. உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சணம் தெரிந்தால், விலை மலிவென்று ஏமாறலாகாது.

உருப்பெருக்கியின் தூணையும் எறிந்துவிட வேண்டுவதில்லை. விளக்குக் கூட்டைக் கழற்றி அவ்விடத்திற் கமராவை மாட்டினால், அசையாத ஒரு நிலைத்தாங்கி கிடைத்துவிடும். படத்தின் நடுவில் சிறு கண்ணாடியொன்றை வைத்து, கமராவின் திரையில் நோக்க வேண்டும். வில்லையின் பிம்பம் திரையின் மையத்தில் தெரிந்தால் கமரா படத்துக்கு நேராக உள்ளது. இருபுறமும் 45 பாகைச் சாய்வில் ஒத்த விளக்குகளை வைத்து, துவாரத்தை எஃப் 5.6 அல்லது எஃப் 8க்குச் சுருக்கி, கை படாமல் தாமத விசையால் எடுத்தல் வேண்டும். படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அதனைப் பிரிக்க முயலலாகாது. முகம் கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும். கறுப்புத் துணியால் எதிரொளியைத் தடுத்து, கண்ணாடியின் மேலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

நெகற்றிவே கிடைத்துவிட்டால் அது பெரும்பேறு. பின்னே வெண்ணிற ஒளித்தட்டொன்றை வைத்து அதனைப் படமெடுத்து, கணினியில் கருமையை வெண்மையாக மாற்றிக்கொள்ளலாம். நெகற்றிவும் உணரியும் ஒரே அளவாயின், வில்லை உணரியிலிருந்து ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் தள்ளி நிற்க வேண்டும். அந்நிலையில் எஃப் 8 என்பது எஃப் 16 போலத் தொழிற்பட்டுக் கூர்மையைக் குறைக்கும். ஆகவே எஃப் 5.6ஐத் தாண்டாதிருத்தல் நலம். பொருளின் உருவம் பொருளைவிடப் பெரிதாக உணரியில் விழவேண்டுமாயின், வில்லையை முன்பின்னாகத் திருப்பிப் பொருத்துதல் முறை. இரத்தினபுரி மாணிக்கக் கல்லின் உட்கீற்றுகளைப் படமெடுக்க விழைவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

இன்று கணினிக்கு வேறொரு திறமையும் வந்துள்ளது. மங்கிய முகத்தைக் கொடுத்தால், கண்ணையும் புருவத்தையும் அது தானே கற்பனை செய்து தெளிந்த முகமாக்கித் தருகின்றது. பார்ப்பதற்கு அழகாயிருக்கும். ஆனால் அது பாட்டனாரின் முகமாக இராது. பல்லாயிரம் பிறர் முகங்களிலிருந்து ஊகித்த முகமாகவே இருக்கும். இருட்டறை வில்லை அத்தகைய உபகாரம் எதனையும் செய்வதில்லை. தாளில் உள்ளதைத் தரும், இல்லாததைத் தாராது. கடவுச்சீட்டுக்காகக் கட்டிய கடன் சட்டையும், கமராவின் முன் முதன்முறை நின்றவரின் அச்சம் படிந்த விழியும், படத்தில் எஞ்சிய அளவில் அப்படியே வந்து சேரும்.

பேரன் திருத்த விரும்பினால் பின்னர் திருத்திக்கொள்ளட்டும். திருத்தாத பிரதி ஒன்று முதலில் இருத்தல் வேண்டும். அதனுடன் படத்திலிருப்பவரின் பெயரும் தோட்டத்தின் பெயரும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். வில்லை முகத்தைத்தான் தரும். பெயரைச் சொல்ல வல்ல முதியோர் இன்னும் லயங்களில் இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டு எழுதும் காரியம் அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்கலாகாது.