மரத்தின் வலிமையும் விவசாயியின் பங்கும்

 

விறகு பிளப்போர் யாவரும் அறிந்த உண்மையொன்று உண்டு. கட்டை நார் ஓடும் திசையில் எளிதில் பிளக்கும். குறுக்கே வெட்டினால் கோடரியை எதிர்த்து நிற்கும். மரத்தின் பலமும் பலவீனமும் இதிலேயே அடங்கியுள்ளன.

இக்குறையைப் போக்கும் வழியே ‘பிளைவுட்’ எனப்படும் ஒட்டுப்பலகை. மரத்தை மெல்லிய தகடுகளாகச் சீவி, ஒன்றின் நார் அடுத்ததன் நாருக்குக் குறுக்கே அமையுமாறு பசையிட்டு அழுத்துகின்றனர். ஒரு தகடு விரிய முயன்றால் மற்றது தடுக்கிறது. ஆகையால் பலகை எளிதில் பிளப்பதில்லை. கனத்த பலகைகளை நார் ஒரே திசையில் இருக்க ஒட்டித் தூண்களும் உத்தரங்களும் செய்கின்றனர். இத்தகைய தூண்களைக் கொண்டு நார்வே நாட்டில் 2019-ஆம் ஆண்டில் 18 மாடிக் கட்டடம் எழுந்தது. அதன் உயரம் 85 மீட்டர். 2018-இல் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழக அறிஞர்கள், மரத்தை இரசாயனக் கரைசலில் வேகவைத்துச் சூட்டில் அழுத்தி, அதன் வலிமையைப் பத்து மடங்குக்குமேல் உயர்த்தினர்.

இதனால் நமக்கு ஆவதென்ன? நம் மாநிலத்தில் ஒட்டுப்பலகைக்கென மலைவேம்பு பயிரிடுவோர் பலர். கணு நாரை வளைத்துவிடும். கணு மிகுந்த கட்டையில் நல்ல தகடு தேறாது, நல்ல விலையும் கிடைக்காது. ஆகவே, பக்கக் கிளைகளை இளமையிலேயே பட்டை கிழியாமல் கழித்துவிடுங்கள். பல ஆண்டு காத்திருக்க வேண்டிய பயிர் இது. நடுமுன்பே வாங்குவோரிடம் விலையையும், வெட்டவேண்டிய சுற்றளவையும் எழுத்தில் பெறுங்கள். எழுதப் படிக்க அறியாத சிறு விவசாயிக்கு அவ்வொப்பந்தத்தைப் படித்து விளக்குவது பஞ்சாயத்து அங்கத்தினரின் கடமையாகும்.