கம்பியில்லாமல் வரும் பாட்டு



"வயர்லெஸ்" என்ற சொல் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் வானொலிப் பெட்டிக்கே அதுதான் பெயர். கோலாலம்பூரில் ஒருவர் பேசுவதை ஜாசின் பக்கத்து லயத்து வீட்டில் உட்கார்ந்து கேட்டது அன்றைக்குப் பெரிய அதிசயம். 1949இல் சிங்கப்பூரில் தொடங்கிய ரிடிஃபியூஷன் வீடு வீடாகக் கம்பி இழுத்துத்தான் பாட்டைக் கொண்டு சேர்த்தது. வானொலிக்கு அந்தக் கம்பி வேண்டியிருக்கவில்லை. பிறகு கேசட் பெட்டி வந்தது. அதற்கும் ஒலிபெருக்கிக்கும் இடையில் ஒரு கம்பி இருந்தது. இன்று அதுவும் போய்விட்டது. பாசார் மாலாமில் வாங்கிய சின்ன ஒலிபெருக்கி மேசைமேல் இருக்கிறது. சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியிலிருந்து பாட்டு அதற்குத் தாவிப் போகிறது.

இதில் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் வட்டாரத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு துக்க வீடு. பால்மரம் வெட்டியே பிள்ளைகளை ஆளாக்கிய பெரியவர் காலமாகிவிட்டார். உடலைக் கிடத்தியிருந்த இடத்தில் அப்படி ஓர் ஒலிபெருக்கியை வைத்து, மெதுவாகச் சிவபுராணம் ஒலிக்க விட்டிருந்தார்கள். மூத்த மகன், வந்தவர்களை வரவேற்கக் கைப்பேசியோடு சாலை வரைக்கும் போனார். சிவபுராணம் விக்கி விக்கி நின்றது. கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அதே ஒலிபெருக்கியிலிருந்து ஒரு குத்துப்பாட்டு, முழுச் சத்தத்தில்! பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் திகைத்துப் போனார்கள். பாட்டு அடுத்த வீட்டுப் பையனுடைய கைப்பேசியிலிருந்து வந்தது என்று தெரிந்ததும் பெரிய சண்டையாகிவிட்டது. "வேண்டுமென்றே செய்தான்" என்றார்கள். இருபது வருடமாகக் குழம்பு கொடுத்து வாங்கிய இரண்டு குடும்பமும் அன்றிலிருந்து பேசிக்கொள்ளவில்லை.

பையன் வேண்டுமென்று செய்யவில்லை. அதைப் புரிந்துகொள்ள இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரியவேண்டும்.

இந்த முறைக்குப் புளூடூத் என்று பெயர். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்ற அரசனின் பட்டப்பெயர் அது. "நீலப்பல்லன்" என்று பொருள். சிதறிக் கிடந்த மக்களை அவன் ஒன்றுசேர்த்தான் என்பதால், வெவ்வேறு கருவிகளைச் சேர்த்துவைக்கும் இதற்கு அவன் பெயரை வைத்தார்கள். 1998இல் சில பெரிய மின்னணு நிறுவனங்கள் கூடி இதற்குப் பொது விதிகளை வகுக்கத் தொடங்கின.

கைப்பேசி பாட்டை எண்களாக மாற்றி வானொலி அலையில் ஏற்றி அனுப்புகிறது. மின்னல் எப்.எம். வருகிறதே, அதே இனத்து அலைதான். ஆனால் எப்.எம். அலை வினாடிக்குச் சுமார் 10 கோடி முறை அதிரும். இது 240 கோடி முறை அதிரும். சக்தியோ மிக மிகக் குறைவு. பத்து மீட்டர் போனாலே களைத்துவிடும். நடுவில் கற்சுவர் இருந்தால் அதற்கும் முன்னால். மனித உடம்பில் நீர் அதிகம். நீர் இந்த அலையை உறிஞ்சிவிடும். ஆகவே கைப்பேசிக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே நாலு பேர் நின்றாலும் பாட்டு விக்கும். கூட்டம் நிறைந்த துக்க வீட்டில் மகன் சாலைக்குப் போனதும் பாட்டு அறுந்தது இதனால்தான்.

அப்படியானால் வரிசை வீடுகளில் ஒருவர் பாட்டு மற்றவர் பெட்டியில் கலக்காதா? சாதாரணமாகக் கலக்காது. நம் பிள்ளைகள் தரையில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த அலைக்கு 79 கட்டங்கள் உண்டு. கைப்பேசியும் ஒலிபெருக்கியும் முதலில் இணையும்போது, எந்தக் கட்டத்துக்குப் பிறகு எந்தக் கட்டம் என்று தங்களுக்குள் ஒரு வரிசையைப் பேசிவைத்துக்கொண்டு, வினாடிக்கு 1,600 முறை கட்டம் விட்டுக் கட்டம் தாவுகின்றன. அந்த வரிசை தெரியாத மூன்றாவது ஆள் உடன் தாவ முடியாது.

ஆனால் இணைப்பு அறுந்துவிட்டால் ஒலிபெருக்கி காலி நாற்காலி மாதிரி. விலை குறைந்தவை பலவும் "யார் வேண்டுமானாலும் வரலாம்" என்று திறந்து கிடக்கும். அந்தப் பையன் வீட்டிலும் அதே கடையில் வாங்கிய அதே மாதிரிப் பெட்டி. கைப்பேசித் திரையில் இரண்டுக்கும் ஒரே பெயர். தன் வீட்டுப் பெட்டி என்று நினைத்துப் பெயரைத் தொட்டான். பாட்டு துக்க வீட்டில் ஒலித்தது. துக்க வீட்டுக்கு அடுத்த வீட்டில் பாட்டுப் போட நினைத்தது குற்றமென்றால், அது வேறு பேச்சு.

ஆகையால், உங்கள் ஒலிபெருக்கியின் பெயரை மாற்ற வசதி இருந்தால் மாற்றிவிடுங்கள். வேலை முடிந்ததும் அதை அணைத்துவிடுங்கள். பாட்டை மட்டும் நிறுத்தினால் போதாது. பூசை, திருமணம், துக்கம் போன்ற இடங்களில் பாட்டைப் பென்டிரைவிலோ மெமரி கார்டிலோ பதிந்து பெட்டியிலேயே செருகிவிடுங்கள். அப்போது யாருடைய கைப்பேசியும் தேவையில்லை. நடுவில் அழைப்பு வந்து, வீட்டுப் பேச்சு ஊருக்கே கேட்கும் சங்கடமும் இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லவேண்டும். இதில் நானே ஏமாந்தேன். ஒரு மாதக் கடைசியில் என் ஒலிபெருக்கி பாடுவதும் நிற்பதுமாக இருந்தது. பட்டணத்தில் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்து, பணமும் வாங்கிக்கொண்டு, "சரியாகிவிட்டது" என்று தந்தார். வீட்டுக்கு வந்தால் பழைய கதைதான். உண்மையில் பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. என் கைப்பேசியில் இணையத் தரவு தீர்ந்துபோயிருந்தது!

பாட்டு நம்மிடம் வர இரண்டு பயணம் செய்கிறது. எங்கிருந்தோ கைப்பேசிக்கு வருவது முதல் பயணம். இதற்குத்தான் இணையம் வேண்டும், காசும் செலவாகும். கைப்பேசியிலிருந்து ஒலிபெருக்கிக்குப் போவது இரண்டாவது. இது பத்தடிப் பயணம், காசு கிடையாது. பாட்டு நின்றால், கைப்பேசியிலேயே சேமித்துவைத்த ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். அது நன்றாக ஒலித்தால் பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரம் பாட்டு மட்டும் கேட்டால் சுமார் 60 மெகாபைட் தரவு போதும். அதையே யூடியூபில் படத்தோடு ஓடவிட்டால் பல மடங்கு போய்விடும். நாம் பார்க்காத படத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறோம். அடிக்கடி கேட்கும் பக்திப் பாடல்களைக் காசு கொடுத்து வாங்கிக் கைப்பேசியில் வைத்துக்கொள்வது சிக்கனம்.

வைஃபை ஒலிபெருக்கி என்று ஒரு வகை உண்டு. எல்லா அறையிலும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் கேட்கலாம். வீட்டில் வைஃபை இணைப்பு நிலையாக இருந்தால் மட்டுமே அதற்கு ஆசைப்படலாம்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால், எப்.எம். வானொலியும் சேர்ந்த பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். பழைய டிரான்சிஸ்டரில் ஒரு திருகைத் திருப்பினால் செய்தி வரும், பாட்டு வரும். இப்போது பாட்டிக்குப் பாட்டு வேண்டுமென்றால் பேரன் வேலை முடிந்து வரவேண்டியிருக்கிறது. எப்.எம். இருந்தால் இணையமும் வேண்டாம், பேரனும் வேண்டாம். பல சிறிய பெட்டிகளில் மின்னேற்றும் கம்பிதான் ஏரியல். அதைச் செருகி நீட்டிவிட்டால் நிலையம் தெளிவாகக் கேட்கும்.

பெட்டியை அடுத்த வீட்டோடு சேர்ந்த சுவரில் ஒட்டி வைக்காதீர்கள். தாளத்தின் அடித்தொனி சுவர் வழியே போய், அந்தப் பக்கம் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் தலையில் இடிக்கும். தகரக் கூரைக்கு அடியிலும் வெயில் படும் சன்னலிலும் வைக்கவேண்டாம். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. பெட்டி உப்பியிருந்தால் மின்னேற்றுவதை உடனே நிறுத்திவிடுங்கள்.

அந்தப் பெரியவரின் பதினாறாம் நாள் காரியத்துக்கு நானும் போயிருந்தேன். முதல் நாளே இரண்டு வீட்டுக்கும் போய், இங்கே சொன்னதை அங்கேயும் சொல்லியிருந்தேன். அதே ஒலிபெருக்கி, அதே சிவபுராணம். இந்த முறை பென்டிரைவில். அதைப் பதிந்து கொண்டுவந்து செருகிக் கொடுத்தவன் அடுத்த வீட்டுப் பையன்தான்.